அனுராதபுரத்தில் மாமனார் ஊமையான நாள்

என் மாமனார் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் நானே. இரண்டாவது தடவையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் தடவையைச் சொல்லாமல் அது விளங்காது.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் நாற்பது வருடம் வேலை செய்தவர். மாமியார் தவறிய பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி அவரைப் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். அவள் ஒரே மகள். வந்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சுதான். பால் பூத்தில் பேசுவார், ரேஷன் வரிசையில் பேசுவார், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரை உட்கார வைத்துப் பேசுவார். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் இவர் தமிழில் பேச, அந்தம்மா கன்னடத்தில் பேச, அரை மணி நேரம் போகும். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட கன்னடம், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கும் "ஊட்டா ஆய்த்தா?" ஒன்றுதான். அதைக் காலை ஆறு மணிக்கும் கேட்பார்.

நாங்கள் பௌத்தக் குடும்பம். மாமனார் வீட்டில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படி. என் பக்கத்தில் என் கல்யாணத்துக்குப் பிறகு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷின் முன்னால் நின்று பிழைத்தவன். தத்துவம் எல்லாம் எனக்குத் தெரியாது. காலையில் குளித்து, விளக்கேற்றி, மூன்று சரணமும் ஐந்து சீலமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு விகாரைக்குப் போவோம். அவ்வளவுதான் என் பக்தி. ஆனால் அது ஒரு நாள் தவறினால் அன்றைக்கெல்லாம் எனக்குக் கை ஓடாது.

இனி முதல் தடவை. தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. அப்போது மாமனார் ஆம்பூரில்தான் இருந்தார். மகளும் பேத்தியும் என்ன ஆனார்களோ என்று, பஸ்ஸும் ரயிலும் ஓடத் தொடங்கிய முதல் நாளே கிளம்பி வந்துவிட்டார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன்னால் இடம் கிடைத்தது, அவருக்குப் பின்னால். வழியில் ஒரு இடத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து மாமனார் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள! எறங்கற எடம் வந்துடுச்சா?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாப்ள! உங்களத்தான்!"

நான் திரும்பவில்லை. கண்டக்டர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். வந்தவர்களிடம் கன்னடத்தில், "இவர் நம்மவர், வயசானவர், விடுங்கப்பா" என்றார். அவர்களும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்கள்.

எங்கள் நிறுத்தத்தில் நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். வீடு வரைக்கும் பத்தடி பின்னால், ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தார். வீட்டுக்குள் போய்ப் பேத்தியைத் தூக்கியதும் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார். அந்த பஸ்ஸைப் பற்றி அவர் என்னிடமும் கேட்கவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டு வாசலைத் தாண்டினால் கன்னடம்தான். அவரோடு வெளியே போகும்படி ஆனால், ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி ஒதுங்கிவிடுவேன்.

இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்த மறு வருடம், எங்கள் விகாரையின் பிக்கு, நாங்கள் பந்தே என்று கூப்பிடுவோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் சொன்னார். ஆனி மாதப் பௌர்ணமிக்கு அனுராதபுரம் போகலாமா என்று. அங்கே அதைப் போசன் என்கிறார்கள். தர்மம் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த நாள். அந்த ஊரில் ஒரு அரச மரம் இருக்கிறது. புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் தெற்குக் கிளையைக் கொண்டுபோய் நட்டது. கயாவில் மூல மரம் போய்விட்டது, அதன் கிளை மட்டும் இன்னும் அங்கே தளிர் விடுகிறது என்று மாமனாரின் அப்பா அவருக்குச் சின்ன வயசிலேயே சொல்லியிருக்கிறார். மாமனார் கையைத் தூக்கின வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடி கீழே விழுந்தது.

"பந்தே, என் பேரை முதல்ல எழுதுங்க. இன்னும் எத்தினி நாள் இருக்கப் போறேன்? அந்த மரத்தைப் பாத்துட்டா போதும்."

இருபத்தெட்டுப் பேர் சேர்ந்தோம். எல்லாரும் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்கள். நான், மனைவி, பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்த மகள், மாமனார் என்று எங்கள் வீட்டில் நாலு பேர். ஆசை எல்லாருக்கும் இருந்தது. எனக்கு மட்டும் ஆசையைவிடப் பயம் பெரிதாக இருந்தது. சிங்களவர் ஊரில் போய்த் தமிழ் பேசினால் என்ன ஆகுமோ? போவதற்கு முந்தின கூட்டத்தில் நான் எழுந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு யோசனை சொன்னேன்.

"ஏர்போர்ட்ல எறங்கினதுலேர்ந்து திரும்பி ஏறுற வரைக்கும் யாரும் தமிழ் பேசக் கூடாது. நமக்குத்தான் கன்னடம் வருதே. நாம கர்நாடகாக்காரங்க. கேட்டா அதத்தான் சொல்லணும்."

எங்கள் தெருத் தையல்காரர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகங்க. குறட்டைய எந்த பாஷைல விடறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யோசனையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்ணூற்றொன்று எல்லார் மனசிலும் இருந்தது. பந்தே மட்டும், "அவங்கவங்க மனசுக்கு எது தைரியம் தருதோ அப்படி இருங்க. நாலாவது சீலம் ஞாபகம் இருக்கட்டும்" என்றார். நாலாவது சீலம் பொய் பேசாமல் இருப்பது. கன்னடம் பேசுவது எப்படிப் பொய்யாகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்டார். "எல்லாம் சரி மாப்ள. எனக்குக் கன்னடம் வராதே?"

"அப்ப நீங்க பேசவே பேசாதீங்க மாமா. யாராவது எதாவது கேட்டா, வாய்கிட்ட கையக் கொண்டுபோயி இப்படி ஆட்டிடுங்க. ஊமைன்னு விட்டுடுவாங்க."

"எத்தினி நாளு?"

"எட்டு நாளு."

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "எட்டு நாளா? எட்டு நிமிஷம் இருந்துட்டாருன்னா நான் மொட்டை போட்டுக்கறேன்."

"உன் முடி போச்சுன்னு வச்சிக்கோ" என்றார் அவர்.

சொன்னபடியே செய்தார். மெட்ராசில் விமானம் ஏறும்வரை ஓயாமல் பேசினவர், கொழும்பில் கால் வைத்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். வாசலில் எங்களுக்காகக் காத்திருந்த சிங்கள கைடு, நாற்பது வயது இருக்கும், பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக "வணக்கம்" என்றார். நான் அவசரமாக முன்னால் வந்து "நமஸ்கார, நமஸ்கார" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் எங்களோடு ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்தார். என் மகள்தான் எங்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

பஸ்ஸில் இருபத்தேழு பேரும் ஆளுக்கொரு கன்னடம் பேசினோம். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதைப் பார்த்தாலும் என் தொடையைத் தட்டி விரலால் காட்டுவார். ராத்தங்கலில் அறைக் கதவைச் சாத்தினதும், அன்றைக்குப் பார்த்தது முழுவதையும் கிசுகிசுப்பாக ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத்தான் படுப்பார். என் மனைவிக்குச் சிரிப்பு. எனக்கு, இந்தப் பெரியவரை இப்படிப் படுத்துகிறோமே என்று ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் விதியைத் தளர்த்தவில்லை.

போசன் அன்று காலையில் அனுராதபுரத்தில் இறங்கினபோது, அந்த ஊரே வெள்ளையாக இருந்தது. லட்சக்கணக்கான ஜனம், அத்தனை பேரும் வெள்ளை உடை. கையில் தாமரை. வழியெல்லாம் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குச் சோறும் டீயும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தன்சல் என்று பெயர், தானச் சாலை. சாப்பிடாமல் தாண்டிப் போனால் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு மரத்தடியில் நின்று பந்தே எங்களுக்குப் பஞ்சசீலம் கொடுத்தார். மாமனார் உதட்டை மட்டும் அசைத்தார். சத்தம் வராமல் சீலம் எடுத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் எல்லாரும் வெள்ளை உடைதான். அங்கேதான் கோளாறு. போதி மரத்து வளாகத்துக்கு முன்னால் செருப்பு விடும் இடத்தில் பெரிய நெரிசல். மாமனார் எங்கள் நாலு ஜோடிச் செருப்பையும் வாங்கிக்கொண்டு, நீங்கள் நில்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார். அந்த நேரம் ஒரு கிராமமே ஒன்றாக வந்ததுபோல ஒரு கூட்டம் எங்கள் நடுவில் புகுந்தது. கொடி, மேளம், பூத்தட்டு. அது போய் முடிந்தபோது செருப்பு வரிசையில் அவர் இல்லை.

முதலில் நான் பதறவில்லை. எங்காவது பேசிக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். பிறகுதான், அவர் பேச முடியாது என்பது உறைத்தது. பெங்களூரில் அவர் தொலைந்தால் பிரச்சினை இல்லை. யார் சட்டையையாவது பிடித்து நிறுத்தி, தன் வம்ச வரலாற்றைச் சொல்லி, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். இங்கே அவர் வாயை நான் பூட்டி வைத்திருந்தேன். பாஸ்போர்ட் கைடிடம். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. தமிழ் எழுத்து இருக்க வேண்டாம் என்று அதையும் நான்தான் எடுத்துவிட்டிருந்தேன்.

"என்னாங்க, அப்பாவுக்கு சுகர் மாத்திரை என் பைலதான் கீது" என்றாள் மனைவி. அவளும் கன்னடத்தை மறந்துவிட்டாள். "மதியம் மாத்திரை போடலைன்னா மயக்கம் வரும். எங்கனா விழுந்து கெடந்தாகூட யாருக்கு இன்னான்னு தெரியும்?"

ஆளுக்கொரு பக்கம் தேடினோம். எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை. பின்னால் போய்த் தோளைத் தொட்டால் வேறு முகம். கைகூப்பிவிட்டு அடுத்த தோள். மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் சிங்களத்தில் அறிவிப்பு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு அது வெறும் இரைச்சல். ஆயிரத்து அறுநூறு கல்தூண் நிற்கும் ஒரு பழைய அரண்மனைத் தளம் அங்கே இருக்கிறது. அதை எல்லாரும் அதிசயமாகப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தேன்.

மணி பன்னிரண்டு தாண்டியது. போதி மரம் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருந்தும் எங்கள் நாலு பேரில் யாரும் உள்ளே போகவில்லை. அந்த நெரிசலில் பஸ்ஸை நிறுத்த இடம் தேடிப் போயிருந்த கைடு அப்போதுதான் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு நிமிஷம் ஒலிபெருக்கியைக் கவனித்துவிட்டு, என் மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் முகம் மாறியது.

"அப்பா, காலைலேர்ந்து மைக்ல தாத்தாவைத்தான் சொல்றாங்களாம். 'வாய் பேச வராத ஒரு பெரியவரோட வந்தவங்க போலீஸ் பந்தலுக்கு வாங்க'ன்னு."

ஓடினோம். வழியெல்லாம் என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் பந்தலில் அவர் இல்லை. அங்கே இருந்த அதிகாரி, நரைத்த மீசைக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு கைடிடம் விவரம் சொன்னார். கைடு மகளுக்குச் சொல்ல, மகள் எங்களுக்குச் சொன்னாள். பெரியவர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார், டீ கொடுத்தோம், குடித்தார். சிங்களத்தில் கேட்டோம், ஆங்கிலத்தில் கேட்டோம், வாயைக் காட்டிக் கையை ஆட்டினார். அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டுத் தமிழிலும் கேட்டோம். அதைக் கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். காணாமல் போன ஒரு குழந்தையை நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தபோது எழுந்து போய்விட்டார்.

தமிழிலும் கேட்டார்கள். அவரோடு தமிழில் பேச இந்த ஊரில் ஒருவர் எதிரே வந்து நின்றும், எனக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி மைக்கை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் அறிவிப்பு அவருக்குப் புரியாது, நீங்களே உங்கள் பாஷையில் கூப்பிடுங்கள் என்றார். பதிவேட்டில் எழுதுவதற்காக, "என்ன பாஷை?" என்றும் கேட்டார்.

"கன்னடா" என்றேன்.

அது என் வாயிலிருந்து தானாக வந்தது. காலையில் சீலம் எடுத்த அதே வாய். கைடு என்னைப் பார்த்தார். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்து, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், "மாவ, எல்லித்தீரா? இல்லி பன்னி" என்று ஆரம்பித்தேன். மாமா, எங்கே இருக்கிறீர்கள், இங்கே வாருங்கள் என்று.

என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா? எங்கப்பாவுக்குக் கன்னடம் தெரியுமா? யாரையோ கூப்புடறாங்கன்னு இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போயி நிப்பாரு! அவரு எந்த பாஷைல பேசுவாரோ அந்த பாஷைல கூப்புடுங்க!"

அவள் இதைச் சொன்னது உரக்க, தமிழில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். பாதி அதில் போயிருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தலுக்கு எதிரே தாமரை விற்றுக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் தெளித்து மறுபடி பூவைக் கட்ட ஆரம்பித்தார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் கொட்டாவி விட்டான். கைடு என் காதருகே குனிந்து, நல்ல தமிழிலேயே சொன்னார்.

"பேசுங்க ஐயா. எனக்கு முதல் நாளே தெரியும். இங்க எல்லாருக்கும் பெத்தவங்க இருக்காங்க."

மைக்கை வாய்க்கு நேராக உயர்த்தினேன். அந்த டவுன் பஸ் ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திருப்பின கழுத்து ஞாபகம் வந்தது. புத்தரை நினைத்துக்கொண்டேன்.

"மாமா" என்றேன். அந்த ஊர் முழுக்க மரத்துக்கு மரம் அது கேட்டது. "மாமா, நான் உங்க மாப்ள பேசறேன். நீங்க பேசலாம். வாயத் தெறந்து பேசுங்க மாமா. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நான் சொன்னது தப்பு. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட போலீஸ் பந்தல்னு சொல்லுங்க, கூட்டிகினு வருவாங்க. உங்க மக மாத்திரையோட நிக்கறா."

கொஞ்ச நேரம் பார்த்தோம். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். "மாமா, உங்க மாப்ள. போலீஸ் பந்தலாண்ட வாங்க." கூட்டத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் வியாபாரி, மன்னார் பக்கத்துக்காரராம், வந்து "யாரைத் தேடுறீங்க வாப்பா, நானும் பாக்குறன்" என்று தமிழில் விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை கூப்பிட்டேன். மைக்கை மகள் வாங்கிக்கொண்டாள்.

அவர் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்தது.

"...நாப்பது வருஷம்மா! ஒரே ஷாப்பு! கை நாத்தம் போறதுக்குப் புளி போட்டுத் தேய்ப்போம், அப்பவும் போவாது..."

கூட்டம் விலகியது. மாமனார் வந்தார். இடுப்பில் யாருடையதோ ஒரு நீலத் துண்டு, சட்டையில் பருப்புக் கறை. ஒரு பக்கம் பருமனான ஒரு சிங்கள அம்மா அவர் கையைப் பிடித்திருந்தார். இன்னொரு பக்கம் ஒரு ஊர்க்காவல் பையன். மாமனார் அந்த அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டே வந்தார். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அம்மா ஞாபகம்தான் எனக்கு வந்தது.

மூன்று மணி நேரம் அவர் அந்தத் தன்சலில் சோறு பரிமாறியிருக்கிறார். போலீஸ் பந்தலிலிருந்து தப்பி ஓடி அங்கே புகுந்திருக்கிறார். ஊமைப் பெரியவர் என்று நினைத்து உட்கார வைத்து வயிறாரச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக மனசு வராமல், துண்டைக் கட்டிக்கொண்டு கரண்டியைப் பிடித்துவிட்டார். மைக்கில் என் குரல் கேட்டதும் அவர் திடீரென்று பேச ஆரம்பித்ததைப் பார்த்து, அந்தத் தன்சலே கைகூப்பி, நல்லது நல்லது என்ற அர்த்தத்தில் "சாது, சாது" என்று கத்தியதாம். புண்ணிய நாளில் ஊமைக்கு வாய் வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கைடு உண்மையை எடுத்துச் சொன்னதும் அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டார். பதிவேட்டில் "கன்னட" என்று எழுதியிருந்ததை அடிக்கப் போனவர், நான் கைகூப்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்பதுபோலத் தோளைத் தட்டினார்.

என் மனைவி அழவில்லை. நேராகத் திட்ட ஆரம்பித்தாள்.

"போலீஸ்காரு தமிழ்லயே கேட்டாராமே! அப்பவாவது வாயத் தெறந்தா இன்னா?"

"அங்கதாம்மா பயந்துட்டேன். ஆழம் பாக்கறான்னு நெனச்சேன். மாப்ள பேசாதீங்கன்னு சொல்லிக்கீறாரு. நான் எப்டி பேசுவேன்?"

"சாப்பாட்டுல இனிப்பு எதுனா?"

"பால்சோறு. சும்மா ஒரு கரண்டி."

"ஒண்ணா?"

"கரண்டி கொஞ்சம் பெருசு."

மாத்திரையைப் போட வைத்தோம். தையல்காரர் வந்து, "எட்டு நிமிஷம் இல்ல, மூணு நாள் இருந்துட்டாரு. மொட்டை எப்பம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். எங்கள் கூட்டம் முழுக்க அப்போதுதான் வாய்விட்டுத் தமிழில் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து மிஷினை அணைத்ததும் காதில் ஒரு அமைதி வருமே, அதுபோல.

செருப்பு நாலு ஜோடியும் அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. எங்கே வைத்தார் என்று அவருக்கும் ஞாபகமில்லை. வெறுங்காலோடு ஆளுக்கொரு தாமரை வாங்கிக்கொண்டு போதி மரத்துக்கான வரிசையில் நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. படி ஏற ஏற, தங்க வேலிக்கு மேலே அந்தக் கிளை தெரிந்தது. மெலிந்த கிளை. இரும்புக் கால்கள் முட்டுக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். இலைகள் காற்றில்லாமலே ஆடின. மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார். இந்தத் தடவை யாரும் சொல்லாமல்.

பந்தே முன்னால் நின்று சரணம் சொல்ல, நாங்கள் உரக்கத் திருப்பிச் சொன்னோம். நாலாவது சீலம் வந்தபோது நான் அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

வரிசை மெல்ல நகர்ந்தது. மாமனார் எனக்கு ஒரு படி முன்னால் இருந்தார். திரும்பிப் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மொதல் தரம் கூப்ட்டப்பவே கேட்டுச்சு மாப்ள."

"என்னா மாமா? அப்ப ஏன் வரல? நாங்க எப்டித் தவிச்சிப் போயிட்டோம்!"

"வந்திருப்பேன். கரண்டியக் கீழ வச்சிட்டேன். ஊரே கேக்கற மாதிரி மாமான்னு கூப்ட்டீங்களா... இன்னொரு தரம் கூப்புடுவீங்களான்னு பாத்துகினு நின்னுட்டேன்."

அவர் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக நெஞ்சில் இருந்தது எங்கே போயிற்று என்று தெரியாமல் நான் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் சிங்களத்தில் நகரச் சொன்னார்கள். மேல் படி உயரமாக இருந்தது, அவருக்கு முட்டி மடங்கவில்லை.

"மாமா, என் தோளப் புடிச்சிகினு ஏறுங்க" என்றேன். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள். உரக்கத்தான் சொன்னேன்.

அவர் தாமரையை என் கையில் கொடுத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.